வெட்டுக்கத்திக்கு உயர் ரக எஃகு தேவையா? – வாங்குவோர் கேள்வி-பதில்

மடக்குக் கத்தி எஃகு பற்றி இங்கே எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அதே எஃகில் நீளமான வெட்டுக்கத்தி வாங்கலாமா? மச்செட்டி என்று விற்கிறார்களே, அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை நீக்கிவிட்டேன்.

கேள்வி: எம்390 எஃகில் 45 செ.மீ. வெட்டுக்கத்தி ஒன்று பார்த்தேன். சாதாரணக் கத்தியைப்போலப் பன்னிரண்டு மடங்கு விலை. "ஒருமுறை கூர் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்" என்கிறார்கள். என் மடக்குக் கத்தியும் அதே எஃகுதான், அருமையாக உழைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

உங்கள் மடக்குக் கத்தி அட்டைப் பெட்டியையும் கயிற்றையும் அறுக்கிறது. அந்த வேலையில் வாய் உராய்ந்து தேய்கிறது. தேய்மானத்தைத் தாங்கத்தான் எம்390-இல் 1.9 சதவீதம் கார்பன், 20 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம் என்று அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கார்பனோடு இவை சேர்ந்து கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்களாகி, எஃகு முழுவதும் பரவி நிற்கின்றன. கூர் நிற்பதை அளக்கும் காட்ரா சோதனையிலும் மணல் துகள் கலந்த அட்டையைத்தான் அறுத்துப் பார்க்கிறார்கள். அதில் எம்390 முன்வரிசையில் நிற்பதில் வியப்பில்லை.

வெட்டுக்கத்தி அப்படித் தேய்வதற்கு முன்பே அடிபட்டுவிடும். புதருக்குள் மறைந்த கல், வேர் ஒட்டிய மண், பழைய வேலிக் கம்பி, காய்ந்த கிளையின் முடிச்சு என்று எதிலாவது மோதும். மோதினால் வாய் மடங்கும், இல்லையேல் தெறிக்கும். கார்பைடு நிறைந்த எஃகில் விரிசல் ஓட வழி ஏராளம், ஆகவே அது தெறிக்கிறது. 1075 போன்ற எளிய கார்பன் எஃகில் கடினக் கார்பைடு மிகக் குறைவு. அதைச் சூடாக்கிக் குளிர்வித்து 50 முதல் 54 எச்ஆர்சி வரை, அதாவது ராக்வெல் சி என்ற கடின அளவில், பதம் செய்தால் வாய் மடங்கும். மடங்கியதை அங்கேயே நின்று அரத்தால் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம்.

60 எச்ஆர்சி எம்390-இல் 2 மி.மீ. சில்லு பெயர்ந்தால் என்ன ஆகும்? அரம் வழுக்கும். சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினா துகளைவிட வனேடியம் கார்பைடு கடினமானது, ஆகவே கல்லும் திணறும். வைரத் தகடுதான் வழி. அதையும் வைத்துக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி உரசவேண்டும். அரை நாள் போய்விடும்.

"மாதக்கணக்கில் நிற்கும்" என்றது பொய்யில்லை. கல்லில் படாத மாதங்களைச் சொல்கிறார்கள்.

கேள்வி: "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. நல்ல எஃகா?

பதில்: அந்தப் பெயரில் எஃகே கிடையாது.

கேள்வி: "டி2 எஃகு, எதையும் வெட்டும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். மூன்றாம் நாள் மணிக்கட்டுப் பருமன் உள்ள காய்ந்த கிளையை வெட்டும்போது மூன்று இடத்தில் வாய் தெறித்தது. விற்றவர் "தவறாகப் பயன்படுத்திவிட்டீர்கள்" என்கிறார். நான் செய்தது தவறா?

பதில்: துளியும் இல்லை. கிளை வெட்ட விற்ற கத்தியால் கிளை வெட்டியிருக்கிறீர்கள்.

டி2-வில் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். வார்ப்பில் உருவாகும் பருத்த குரோமியம் கார்பைடுகள் அதன் அடையாளம். தகடு வெட்டும் அச்சுக்கும் சின்னக் கத்திக்கும் பிரமாதமான எஃகு. வீசி அடிக்கும் நீளக்கத்திக்கு அது பொருந்தாது என்பது அதைச் செய்தவருக்குத் தெரியாமல் இருக்காது. என்னிடமும் டி2 நீளக்கத்தி ஒன்று இருக்கிறது, பெயரில் மயங்கி வாங்கியது. இப்போது பார்சல் பிரிக்கிறது.

முதலில், அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். கூர் வைத்துவிட்டால் சாட்சி போய்விடும். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், புகார் போனதும் வாசகம் மாறிவிடலாம். ஒவ்வொரு சில்லையும் அளவுகோல் அருகில் வைத்துப் படமெடுங்கள். வெட்டிய கிளையையும் எடுங்கள், அதன் விட்டம் தெரியவேண்டும். பிறகு விற்றவரிடம் எழுத்தில் மூன்றே கேள்வி: இந்தக் கத்தியின் கடினம் எத்தனை எச்ஆர்சி? வாயின் கோணம் எத்தனை டிகிரி? எந்த மரத்தை, எந்தப் பருமன் வரை வெட்டலாம் என்று வாங்கும்போது எங்கே சொன்னீர்கள்? மூன்றுக்கும் பதில் வராது. அந்த மௌனத்தைச் சேர்த்து, பணம் கட்டிய சேவையிடம் "விவரித்தபடி பொருள் இல்லை" என்ற தலைப்பில் முறையிடுங்கள். உத்தரவாதம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். உத்தரவாதத்தில் வாய் தெறிப்பதை விலக்கி வைத்திருப்பார்கள், பேச்சு அதற்குள் போனால் நீங்கள் தோற்பீர்கள்.

பணம் திரும்பவில்லை என்றால் கத்தியை எறியவேண்டாம். தொழிற்சாலையில் கடைசியாகக் கூர் வைக்கும்போது பட்டைச் சாணையில் வாய் சூடேறிப் பதம் கெட்டிருப்பது உண்டு. வைரத் தகட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கழித்துவிட்டு, பக்கத்துக்கு 25 டிகிரியில் புது வாய் வையுங்கள். அதன் பிறகும் தெறித்தால் எஃகின் குணமே அதுதான்.

கேள்வி: 6 மி.மீ. தடிமன், முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, 45 செ.மீ. அலகு. எடை 1.2 கிலோ என்று போட்டிருந்தது, உறுதியாக இருக்கும் என்று வாங்கினேன். புல் வெட்டப் போனால் புல் சாய்கிறது, வெட்டுப்படவில்லை. மணிக்கட்டு வலி. திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: எடையைப் படித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அப்புறம் மணிக்கட்டு வலிக்கிறது என்றால் நான் யாரைக் கடிந்துகொள்வது?

கணக்கைப் பாருங்கள். 45 செ.மீ. நீளம், 5.5 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் என்றால் எஃகு ஏறத்தாழ 390 கிராம். அதையே 6 மி.மீ. ஆக்கினால் கிட்டத்தட்ட 1,170 கிராம். புல்லுக்கும் இளந்தண்டுக்கும் பின்னால் முட்டுக் கிடையாது, கத்தியின் வேகம்தான் வெட்டவேண்டும். மூன்று மடங்கு எடையை அந்த வேகத்தில் நூறு தடவை வீச ஆளில்லை. கட்டை பிளக்க வேண்டுமானால் கோடரி இருக்கிறது.

ரம்பப் பல் அறுக்காது, முதுகை மரத்தில் மாட்டிவைக்கும். பிடிக்குள் திசைகாட்டி என்றால் பிடி உள்ளே பொள்ளல், அலகின் வால் பிடிக்குள் முழுதாகப் போகவில்லை. வீசும்போது அலகு கழன்று பறந்தால் முன்னால் நிற்பவர் கதி என்ன? சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: "உயர் கார்பன் எஃகு" என்று மட்டும் போட்டிருக்கிறது. வேறொன்றில் 1055, இன்னொன்றில் 1075, மற்றொன்றில் 1095. எண் கூடினால் தரம் கூடுமா?

பதில்: எண்ணுக்கு விளக்கம் எளிது. முதல் இரண்டு இலக்கமான 10, இது வேறு உலோகம் சேர்க்காத கார்பன் எஃகு என்று சொல்கிறது. கடைசி இரண்டும் கார்பன் அளவு: 1055 என்றால் ஏறத்தாழ 0.55 சதவீதம், 1095 என்றால் 0.95. கார்பன் கூடினால் கூடுதல் கடினமாக்கலாம், கூர் சற்றுக் கூடுதலாக நிற்கும், அடி தாங்குவது குறையும். வெட்டுக்கத்திக்கு 1055 முதல் 1075 வரை பொருத்தம். 1095 தவறான தேர்வு என்று சொல்லமாட்டேன், பதம் தவறினால் மன்னிக்காத எஃகு அது.

இப்போது என் பழைய குறையைக் கொட்டிவிடுகிறேன். விளம்பரத்தில் எஃகின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பதத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒரே 1075 தகட்டை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, உடனே 300 டிகிரியைத் தாண்டி மறுபடி சூடு காட்டி இறக்குகிறார். மற்றவர் உலையில் கண்ணளவுக்குச் சிவக்கவைத்து எண்ணெயில் முக்கிவிட்டு, மறுசூட்டை மறந்துவிடுகிறார். முதல் கத்தி வில்லாக வளைந்து நிமிரும். இரண்டாவது கல் தரையில் விழுந்தாலே இரண்டாகும். இரண்டின் மேலும் 1075 என்ற ஒரே முத்திரைதான் இருக்கும், விலையும் ஒன்றாகவே இருக்கும். அரிசியின் பெயரைச் சொன்னால் சோறு வெந்ததா என்று தெரியுமா?

விற்பவர் கட்டாயம் சொல்லவேண்டியவை நான்கு: கடினம், முதுகின் தடிமன், மொத்த எடை, கூர் வைத்து வருகிறதா இல்லையா. நான்கையும் போடும் விளம்பரம் அபூர்வம். போடாதவரிடம் எழுதிக் கேளுங்கள். "எங்கள் கத்தி மிகக் கடினம்" என்று பதில் வந்தால் அவர் வெட்டுக்கத்தியைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். எண் வேண்டும். 48-க்குக் கீழே என்றால் வாய் தகரமாக மடங்கும். 56-ஐத் தாண்டினால் அரம் திணறத் தொடங்கும்.

எண் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். 40 முதல் 65 எச்ஆர்சி வரை ஐந்தைந்தாக ஏறும் சோதனை அரங்கள் தொகுப்பாகக் கிடைக்கின்றன. பிடியை ஒட்டி, வேலைக்கு வராத இடத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். 50 அரம் வழுக்கி 55 அரம் கீறினால் கத்தி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதுதான் நமக்கு வேண்டியது. வளைப்புச் சோதனையும் உண்டு: 2 மி.மீ. அலகின் முனையை மரப்பலகையில் ஊன்றி, நடுப்பகுதி 5 செ.மீ. விலகும்வரை அழுத்தி விடுங்கள். நேராகத் திரும்பவேண்டும். வளைந்தே நின்றால் பதம் ஏறவில்லை. கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் மூன்றாவது முடிவும் சாத்தியம்.

கேள்வி: 3வி எஃகு அடி தாங்குவதற்கென்றே செய்தது என்கிறார்களே, அதிலும் வேண்டாமா?

பதில்: உயர் ரக எஃகுகளில் இதற்கு மட்டும் நான் எழுந்து வழிவிடுவேன். கார்பன் 0.8, குரோமியம் 7.5, வனேடியம் 2.75 சதவீதம். தூளாக்கி இறுக்கிச் செய்வதால் கார்பைடுகள் பொடியாகவும் குறைவாகவும் இருக்கின்றன. 58 எச்ஆர்சி-யிலும் பலமான அடியைத் தாங்கும்.

ஆனால் அந்தக் கடினத்தில் அரம் பிடிக்காது, காட்டுக்கு வைரத் தகட்டோடு போகவேண்டும். பதம் செய்ய 1,000 டிகிரிக்கு மேல் சீராக நிற்கும் உலை வேண்டும், அதை யார் செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக்கூடாது. துருவும் பிடிக்கும். 25, 30 செ.மீ. அளவில், தினமும் கட்டையில் அடிக்கும் கனத்த கத்திக்கு 3வி கொடுக்கும் விலைக்கு உழைக்கும். 45 செ.மீ. மெல்லிய கத்திதான் வேண்டும் என்றால், அந்தக் காசில் சாதாரணக் கார்பன் எஃகில் பத்துக் கத்தி வாங்கலாம்.

கேள்வி: படகில் வைத்திருக்க ஒரு வெட்டுக்கத்தி. கார்பன் எஃகு ஒரே இரவில் துருவேறிவிடுகிறது.

பதில்: இங்கே விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. உப்புநீரைத் தாங்குவதில் எச்1, எல்சி200என் இரண்டும் முதல் தரம். கார்பனுக்குப் பதில் நைட்ரஜனை நம்பிச் செய்தவை. 2021-இல் வந்த மேக்னாகட் எஃகும் துருவை நன்றாகத் தடுக்கும், கூரும் நிற்கும். நீள அலகில் இவை கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் 420 வகைத் துருவேறா எஃகில், 52 எச்ஆர்சி-யை ஒட்டிப் பதம் செய்த எளிய கத்தி போதும். கூர் சீக்கிரம் போகும், அரம் போட்டால் சீக்கிரம் திரும்பவும் வரும்.

"440" என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். 440ஏ-வில் கார்பன் 0.60 முதல் 0.75 வரை, 440சி-யில் 0.95 முதல் 1.20 வரை. எழுத்தைச் சொல்லாமல் விடுபவர் மலிவானதைத்தான் விற்கிறார்.

கேள்வி: நல்ல பெயருள்ள நிறுவனத்தின் 1070 கத்தி வாங்கினேன். அடிமட்டம்போல மழுங்கலாக வந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. வேலைக்கான வெட்டுக்கத்திகள் பல அப்படித்தான் வரும், வாங்குபவர் தன் வேலைக்கேற்ப வாய் வைத்துக்கொள்வார் என்பது கணக்கு. அதை அட்டையில் எழுதாதது மட்டும் குற்றம்.

10 அங்குல ஒற்றை வெட்டு அரம், அதாவது பல்வரிசை ஒரே திசையில் மட்டும் ஓடுவது, ஒன்று வாங்குங்கள், பிடி போட்டதாக. கத்தியை மேசை விளிம்பில் படுக்கவைத்து, வாய் வெளியே ஒரு விரல் நீட்டியிருக்கும்படி இரண்டு பிடிகருவியால் இறுக்குங்கள். வாயோரம் முழுவதும் கறுப்பு மார்க்கரால் தீட்டுங்கள், அரம் எங்கே படுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். கோணத்துக்கு எளிய அளவு: 25 மி.மீ. அகல அரத்தின் ஓர் ஓரம் வாயில் பட்டிருக்கும்போது மறு ஓரம் அலகின் தளத்துக்கு மேல் 8, 9 மி.மீ. உயர்ந்திருந்தால் அது 20 டிகிரி. பிடியிலிருந்து முனை நோக்கி, முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பின்னிழுத்துத் தேய்த்தால் கத்திக்கு ஒன்றும் ஆகாது, அரத்தின் பல்தான் போகும். அரத்தில் எண்ணெய் தடவக்கூடாது. சாக்பீஸ் தேய்த்தால் இரும்புத் தூள் பல்லிடுக்கில் அடையாது.

எதிர்ப்பக்கத்தில் விரலைக் குறுக்கே வைத்துத் தடவினால், நீளம் முழுவதும் பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கத்தை அராவுங்கள். பிறகு திருப்பிப்போட்டு அதே அளவு. முதல் தடவை அரை மணி ஆகும். கடைசியில் நடுத்தரச் சாணைக்கல்லால் இரு பக்கமும் நாலைந்து தடவை இழுத்தால் பிசிறு விழும். புல்லுக்கு மட்டும் என்றால் 17 டிகிரிக்கு இறக்கலாம், கட்டைக்கு 25. பிடியை ஒட்டிய நான்கு விரல் நீளத்தை மழுங்கலாகவே விடுங்கள், நுணுக்கமாகச் சீவும்போது கையை முன்னேற்றிப் பிடிக்க உதவும். அலகின் மேல் அரக்குப் பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள், துருவைத் தடுக்கத்தான் பூசியிருக்கிறார்கள். பிடியின் ரிவெட்டைத் தடவிப் பாருங்கள். துருத்தியிருந்தால் அதே அரத்தால் மட்டமாக்குங்கள், இல்லையேல் ஒரு மணி நேரத்தில் கொப்புளம்.

கேள்வி: மோட்டார் சாணையில் கூர் வைத்தேன். வாய் நீலமாகிவிட்டது, அழகாகத்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டது என்று பொருள். அதோடு நின்றிருந்தால் பிழைத்தீர்கள். நீலம் வெளுத்துச் சாம்பலானால் அந்த வாய் தொலைந்தது. நிறம் போகும்வரை அரத்தால் கழியுங்கள். தண்ணீர் வாளி ஒன்றைப் பக்கத்தில் வைக்க உங்களுக்கு என்ன தடை?

கேள்வி: பிறந்தநாள் பரிசுக்காகச் சேமித்த பணத்தில் "கையால் அடித்த டமாஸ்கஸ்" வெட்டுக்கத்தி வாங்கினேன். அலைக்கோலம் மிக அழகு. ஆனால் சாணைக்கல் பட்ட இடத்தில் கோலம் அழிந்துவிட்டது. போலியா?

பதில்: கோலம் அழிந்ததை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. அசலும் தேய்த்தால் மங்கும். இரண்டு எஃகுகளை அடுக்கி ஒட்டி அடித்தபின் அமிலத்தில் நனைத்துத்தான் கோலத்தை வெளிக்கொணர்கிறார்கள். முதலில் முதுகைப் பாருங்கள்: அசலில் அடுக்குக் கோடுகள் முதுகிலும் தொடர்ந்து ஓடும். பிறகு மங்கிய இடத்தைக் கொழுப்பில்லாமல் துடைத்து, நீர்த்த ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கோலம் திரும்பினால் அசல், வெறும் சாம்பல் திட்டு வந்தால் மேலே அச்சடித்தது. பிறகு கழுவி, சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, எண்ணெய் பூசுங்கள்.

போலி என்றால் பணம் முழுவதையும் கேளுங்கள், பாதிக்குச் சம்மதிக்காதீர்கள். பரிசுக்குச் சேர்த்த பணத்தில் கைவைத்தவரிடம் தயவு காட்டவேண்டியதில்லை. அசல் என்றாலும் எந்த இரண்டு எஃகு, என்ன கடினம் என்று கேளுங்கள். சொல்லமுடியாதவரின் கத்தியைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: பட்டை எஃகு பெரும்பாலும் 5160 போன்ற ஸ்பிரிங் எஃகு. வெட்டுக்கத்திக்கு அருமையான சரக்கு. ஆனால் பல லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். புதுப் பட்டையில் அடித்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: உங்கள் பதில் வருவதற்குள் எம்390 வெட்டுக்கத்தியை வாங்கிவிட்டேன்.

பதில்: உறை பிரிக்கவில்லை என்றால் இன்றே திருப்பி அனுப்புங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால், பக்கத்துக்கு 25 டிகிரி, 400 நம்பர் வைரத் தகடு, தரைக்கு ஒரு சாண் மேலே மட்டும் வெட்டு. கல் இருக்கும் பக்கம் போகும்போது வேறு கத்தி எடுத்துப்போங்கள்.